என் இடத்தை நானே சொல்வேன்

கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. புத்தளத்தில் உள்ள ஒரு சிறிய ஆய்வுக் கம்பனிக்காகக் கற்பிட்டியிலிருந்து மதுரங்குளி வரை வீடு வீடாகப் போவேன். வாளியில் தண்ணீர் அள்ளி, அதில் கருவியை அமிழ்த்தி, வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு போத்தலிலும் கொஞ்சம் பிடித்து வருவேன். நான்கு பெண்கள் இந்த வேலையில் இருந்தோம்.

ஒருநாள் கம்பனி எங்கள் சொந்தப் போன்களில் ஒரு செயலியைப் போடச் சொன்னது. கிணறு இருக்கும் இடத்தை அது தானாகவே பதியும், உங்களுக்கு எழுத்து வேலை குறையும் என்றார் எங்களை மேற்பார்க்கும் சுப்பவைசர். அவர் சிலாபத்திலிருந்து வருபவர், தமிழையும் சிங்களத்தையும் ஒரே மூச்சில் பேசுபவர். எழுத்து வேலை குறையும் என்றதும் நாங்களும் சரி என்றோம். அந்தச் செயலி கிணற்றை மட்டுமல்ல, எங்களையும் நாள் முழுக்கப் பதிந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

தெரிந்தது இப்படித்தான். ஒரு செவ்வாய்க்கிழமை கனமூலையில் ஒரு வீட்டில் வேலையை முடித்தேன். நல்ல வெயில். அந்த வீட்டுப் பெண் உள்ளே கூப்பிட்டு இருத்தி, பால் இல்லாத இஞ்சிப் பிளேன்டீ தந்தார். அரை மணி நேரம் கதைத்துக்கொண்டிருந்தோம். அடுத்த நாள் சுப்பவைசர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். வரைபடத்தில் என் பெயரோடு ஒரு சிவப்புப் புள்ளி, முந்தின நாள் அரை மணி நேரம் சிலாபம் நகரத்தின் நடுவில்.

"மிஸ், வேலை நேரத்தில உங்களுக்குச் சிலாபத்தில என்ன வேலை?" என்றார்.

நான் போகவில்லை என்றேன். போன் பொய் சொல்லாது என்றார். அப்போ நான்தான் பொய் சொல்கிறேனா என்று கேட்டேன். அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

எனக்கு ஆறு வயதில், யுத்தத்தில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது, எங்கள் குடும்பம் மன்னாரை விட்டுப் புத்தளத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் வளர்ந்த காலம் முழுக்க, பஸ்ஸை விட்டு இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்ற கேள்விகள்தான். அப்போது பதில் சொல்லாமல் இருக்க வழியில்லை. இப்போது நாற்பது வயது தாண்டிய பிறகு, என் சட்டைப்பைக்குள் நானே ஒரு சோதனைச் சாவடியைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன் என்று நினைக்க எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

கடிதத்தோடு நேரே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடைக்குப் போனேன். கடை நடத்துபவள் வன்னியிலிருந்து சின்னப் பிள்ளையாக வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு பெண், முப்பதுக்குள்தான் வயது. கடிதத்தை வாசித்து, நான் நடந்ததைச் சொன்னபின், அந்த வீட்டில் வைஃபை பெட்டி இருந்ததா என்று கேட்டாள். இருந்தது. அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று கேட்டாள். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் போன் எடுத்தோம். சிலாபத்தில் வாடகை வீட்டில் இருந்தவர்கள், மூன்று மாதம் முன்புதான் கனமூலைக்கு மாறியவர்கள். வைஃபை பெட்டியையும் கையோடு கொண்டு வந்திருந்தார்கள்.

வீட்டுக்குள் இருக்கும்போது போனுக்கு வானத்துச் செய்மதி சரியாக எட்டாது என்று அவள் விளக்கினாள். அப்போது அது பக்கத்தில் என்னென்ன வைஃபை பெட்டிகள் இருக்கின்றன என்று பார்த்து, அந்தப் பட்டியலை வெளிநாட்டில் உள்ள ஒரு பெரிய கம்பனிக்கு அனுப்பி, நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்குமாம். அந்தக் கம்பனியின் கணக்கில் அந்தப் பெட்டி இன்னும் சிலாபத்தில்தான் இருந்தது.

"அக்கா, உங்கட போன் ஒவ்வொரு தரமும் அவையளிட்டப் போய் கேட்டுக்கொண்டு நிக்குது. கேக்கிற நேரம் உங்களையும் சொல்லிப்போடுது," என்றாள்.

கேட்காமல் இருக்க வழியில்லையா என்றேன். இருக்கிறதாம். உலகத்தில் பல பேர் சேர்ந்து, யாரும் திறந்து பார்க்கக்கூடிய விதமாக எழுதி, இலவசமாக விட்டிருக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைப் போட்டால், இலங்கையில் எந்தத் தொலைபேசிக் கோபுரம் எங்கே நிற்கிறது என்ற பட்டியலைப் போன் ஒரேயடியாக இறக்கி வைத்துக்கொள்ளும். பிறகு யாரிடமும் கேட்காமல், தனக்குள்ளேயே பார்த்துக்கொள்ளும். கிணறு போலச் சரியான இடத்தைப் பிடிக்கச் செய்மதி. வரைபடமும் அப்படியே, ஊர் ஊராக ஆட்கள் தாங்களே வரைந்தது.

அவள் குறையையும் மறைக்கவில்லை. இடம் பிடிக்கச் சில நிமிடம் கூடுதலாக எடுக்கும், வெளியில் வந்து நிற்க வேண்டும், சில செயலிகள் ஓடாது. சிம் போட்டிருக்கும் வரை தொலைபேசிக் கம்பனியின் கோபுரத்துக்கு நான் இருக்கும் பக்கம் தெரியத்தான் செய்யும், அதை மறைக்க ஏலாது என்றும் சொன்னாள். மறைந்து வாழ எனக்கு ஆசையில்லை, கேட்டுவிட்டு எடுக்கட்டும், அவ்வளவுதான் என்றேன். போனை வாங்கி, உள்ளே இருந்ததை அடியோடு அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றித் தந்தாள்.

முதல் வாரம் பெரும் பாடு. கிணற்றடியில் போனைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பேன், அது யோசித்துக்கொண்டே இருக்கும். வரைபடத்தைத் திறந்தால் நாங்கள் குடியிருக்கும் குடியேற்றம் இருந்த இடம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. முப்பது வருடத்துக்கு மேல் நாங்கள் வாழும் தெருக்களும் ஒழுங்கைகளும் உலகத்துக்கு இல்லை. பின்னேரங்களில் நடந்து நடந்து நானே வரைந்தேன். பள்ளிவாசல், பொதுக் கிணறு, பாண் கடை எல்லாம் போட்டேன். ஒளிந்துகொள்ளப் பார்ப்பவள் ஊரை மட்டும் ஏன் காட்டுகிறாய் என்று கணவர் கேட்டார். ஒழுங்கை எல்லோருக்கும் உரியது, அதில் நான் எத்தனை மணிக்கு நடக்கிறேன் என்பது எனக்கு உரியது என்றேன். வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்று எதுவும் எழுதவில்லை.

கம்பனியின் செயலி என் போனில் ஓடவில்லை. சுப்பவைசர் கூப்பிட்டார். இந்தத் தடவை நான் என் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன்.

"சேர், என்னை நாள் முழுக்கப் பின்தொடரலாம் எண்டு இதில எங்க எழுதியிருக்கு? காட்டுங்க," என்றேன். "கிணறு எங்க இருக்கு எண்டு கேளுங்க, சரியாச் சொல்லுவன். நான் எங்க இருக்கிறன் எண்டு கேட்டாச் சொல்ல மாட்டன்."

செயலி இல்லாவிட்டால் வேலையும் இல்லை என்றார். வேலையில்லை என்பதை எழுத்தில் தாருங்கள் என்றேன். அதைத் தர அவருக்கும் மனம் வரவில்லை; நான் கிணறுகளின் இடத்தைக் கையால் எழுதிக் கொடுத்து வேலையைத் தொடர்ந்தேன். என்னோடு வேலை செய்த மூன்று பேரில் ஒருத்தி மட்டும், "ராத்தா, நானும் அழிச்சிட்டன்," என்று அடுத்த நாள் காலையில் வந்து சொன்னாள். மற்ற இருவருக்கும் பயம். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

எங்களைக் காப்பாற்றியது ஆய்வுகூடத்தில் இருந்த பெண் அதிகாரி. எல்லோருடைய பதிவுகளையும் வரைபடத்தில் போட்டுப் பார்த்தவர், செயலி பதிந்த கிணறுகளில் சில புத்தளம் களப்பின் தண்ணீருக்கு நடுவில் கிடப்பதைக் கண்டார். நாங்கள் இருவரும் செய்மதியில் பிடித்துக் கையால் எழுதிக் கொடுத்தவை வீட்டுக் கொல்லையிலேயே இருந்தன. எங்கள் முறைதான் வேண்டும் என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார். செயலி நின்றது.

சுப்பவைசர் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் எனக்குக் கிடைத்தது மிகத் தூரமான பகுதி, தலவிலவுக்கும் அப்பால் மணலும் பனையுமான கரை. அது தற்செயல் என்று சொன்னார்கள். எச்சரிக்கைக் கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி நான் கெஞ்சவில்லை. வைஃபை பெட்டியின் கதை முழுவதையும் இரண்டு பக்கத்தில் எழுதி, அந்த வீட்டுப் பெண்ணின் கையெழுத்தையும் வாங்கி, அதே கோப்பில் கடிதத்துக்கு மேல் வைக்கச் சொன்னேன். வைத்திருக்கிறார்களா என்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.