தேருக்குப் போன பழைய சட்டை

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் தாமதித்தால் என் மனைவி சொல்லிவிடுவா. அவ ஆதாரங்களோடு சொல்லுவா. நான் சொன்னால் என்னைக் கொஞ்சம் வடிவாகவாவது காட்டலாம்.

நாங்கள் வேலணையில் இருந்தோம். என் மச்சாள், அதாவது மனைவியின் தமக்கை, ஊர்காவற்றுறையில் இருந்தா. அவவுக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூன்று பேரும் போட்டு வளர்ந்த சட்டைகள் தோய்த்து மடித்து ஒரு பையில் எங்கள் ஒரே மகளுக்கு வரும். அந்தப் பை திரும்பிப் போகும்போது அதற்குள் பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல் இருக்கும். "சும்மா வாங்கேல்லை, ஒடியல் குடுத்துத்தான் வாங்கிறன்" என்று மனைவி ரோசத்தோடு சொல்லுவா.

எனக்கோ வேறு ரோசம். அரசாங்கக் கந்தோரில் கதிரையில் இருந்து வேலை செய்கிற மனிசன்ர பிள்ளை, மற்றப் பிள்ளைகள் கழற்றிய சட்டையைப் போடுவதா? அதுவும் நயினாதீவு அம்மன் கோயில் தேருக்கு?

போன வருஷம் நாடு இருந்த நிலைமையில் எங்களால் தேருக்குப் போக முடியவில்லை. இந்த வருஷம் வள்ளம் ஓடுதாம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஆறு வயது மகள் நித்திரையிலும் தேர் இழுத்தாள். நான் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் ஒரு சட்டை வாங்கி வந்தேன். வெள்ளைத் துணியில் வரிசை வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள், கழுத்தைச் சுற்றிச் சரிகை. "சாயம் போகாது" என்று நான் கேளாமலே கடைக்காரர் சொன்னார். கேளாமல் சொல்லுகிறவர்களை நான் நன்றாக நம்புவேன்.

"இஞ்சாருங்கோ, ஒருக்காத் தண்ணியில நனைச்சுக் காயவிட்டிட்டுப் போடுவம்" என்றா மனைவி.

"நனைச்சால் பிறகு புதுச்சட்டை எண்டு ஆருக்குத் தெரியும்?"

தேருக்கு முதல் நாள் மனைவி சங்கக்கடைக்குப் போன நேரம் பார்த்து, மகளுக்கு அந்தச் சட்டையைப் போட்டு, சைக்கிள் பாரில் ஏற்றி, ஊர்காவற்றுறைக்கு உழக்கினேன். வேறு அலுவல் ஒன்றுமில்லை. மச்சாளுக்குக் காட்ட வேணும்.

மச்சாள் பார்த்தா. "நல்ல வடிவு, தம்பி. ஆனால் பிள்ளை ஏன் கழுத்தை நீட்டிக்கொண்டு நிக்குது?"

"அது இப்பத்தைய ஸ்டைல், மச்சாள்."

"சரிகை குத்துதப்பா" என்றாள் ஸ்டைல்காரி.

"பின்னேரம் நான் வரேக்க மூத்தவளின்ர பச்சைச் சட்டை ஒண்டு கொண்டாறன்" என்றா மச்சாள். நான் காதில் விழாதமாதிரி சைக்கிளைத் திருப்பினேன்.

திரும்பி வரும்போது உச்சி வெயில். காற்றுப் படட்டும் என்று என் சேட்டுத் தெறிகளை எல்லாம் திறந்துவிட்டேன். மகள் வேர்த்துக் கொட்டி, என் வெறும் நெஞ்சில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், முதுகிலும் நெஞ்சிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்!

சின்னமுத்து. அம்மை நோய், எங்கள் பேச்சில் அம்மாள் வருத்தம். எனக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வருவதற்கும் கொஞ்சம் புத்தி வேணுமே.

வருத்தம் பிடித்த துணி என்று சட்டையைத் தடியால் தூக்கி மூலையில் போட்டேன். வாசல் படலையில் வேப்பிலை கட்டினேன். பாயில் வேப்பிலை பரப்பி மகளைக் கிடத்தினேன். அம்மாள் வந்த உடம்பில் குளிக்க வார்க்கும் நாள் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. இந்த ஒரு சட்டம் மட்டும் இல்லாதிருந்தால் என் மானம் அன்றைக்கு ஒரு வாளித் தண்ணீரோடு தப்பியிருக்கும்.

"எனக்கு ஒண்டும் செய்யேல்லையப்பா."

"முதல் அப்பிடித்தான் இருக்கும். இனித்தான் காய்ச்சல் வரும்."

"அப்ப தேர்?"

"தேருக்குப் போக ஏலாதம்மா. அம்மாளாச்சி எங்கட வீட்டை வந்திருக்கிறா."

"அவ ஏன் இண்டைக்கே வந்தவ? நாளைக்குத்தானே தேரில வாறவ?"

மகள் வாய்விட்டு அழத் தொடங்கினாள். வேப்பிலையால் விசிறிக்கொண்டு குனிந்தபோதுதான் என் நெஞ்சைப் பார்த்தேன். அங்கேயும் புள்ளிகள்! சின்ன வயதில் ஒருமுறை வந்து போன வருத்தம். திரும்ப வராது என்பார்கள். எனக்கு மட்டும் விசேஷமாக வந்திருக்கிறது. உடனே தொண்டை நொந்தது. கண் எரிந்தது. கால் உளைந்தது, அது சைக்கிள் உழக்கியதால் என்று இப்போது தெரிகிறது. நானும் மகளுக்குப் பக்கத்தில் வேப்பிலையில் சரிந்தேன்.

பின்னேரம் வரை சங்கக்கடை வரிசையில் நின்ற மனைவியும், வழியில் சேர்ந்த மச்சாளும் ஒன்றாக வந்தார்கள். படலையில் வேப்பிலையைக் கண்டதும் மனைவி "ஐயோ, என்ர பிள்ளை" என்று ஓடி வந்தா. மகள் அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். நான் மெல்லிய குரலில் "கிட்ட வராதேயும், எனக்கும்தான்" என்றேன்.

மூன்று பிள்ளைகளின் அம்மாள் வருத்தங்களையும் பார்த்தவ மச்சாள். கிட்ட வந்து குனிந்தா. என் நெஞ்சையும் பார்த்தா.

"தம்பி, இப்பிடிப் பாத்தி கட்டி நட்டமாதிரி ஒருத்தருக்கும் வந்து நான் காணேல்லை."

விரலை நாக்கில் தொட்டு மகளின் முதுகில் ஒரு தேய்ப்புத் தேய்த்தா. ஒரு புள்ளியைக் காணவில்லை. விரல் சிவந்திருந்தது.

பிறகு மனைவி மூலையில் கிடந்த சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தா. அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், படலை வேப்பிலையைத் தின்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆடு வெருண்டு ஓடியது.

"அம்மாளாச்சி யாழ்ப்பாணத்துக் கடையில இருந்தெல்லே வந்திருக்கிறா" என்றா மனைவி. "எழும்புங்கோ காய்ச்சல்காரர், கிணத்தடிக்கு நடவுங்கோ."

உண்மையாகவே எனக்குக் காய்ச்சல் இருந்தது. இன்றைக்கும் சொல்லுவேன், ஒருவரும் நம்புவதில்லை.

அடுத்த நாள் மகள் பச்சைச் சட்டையில் தேருக்குப் போனாள். மூன்று பிள்ளைகளைக் கண்ட சட்டை அது. போக வேண்டிய சாயமெல்லாம் மச்சாள் வீட்டுக் கிணற்றடியிலேயே போய்விட்டது. சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருந்தது. விழுகிற தெறிகள் எப்போதோ விழுந்து, மச்சாளின் கைத்தையலில் இனி விழமாட்டோம் என்று இறுகிப்போய் இருந்தன. கழுத்துத் துணி பழஞ்சீலைபோல மெதுமை. குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறியதும், புதுச்சட்டைப் பிள்ளைகளின் தாய்மார் "உப்புத் தண்ணி தெறிக்கும், இஞ்சால வா" என்று கத்திக்கொண்டே வந்தார்கள். எங்கள் மகள் தாயின் மடியிலிருந்து கையை நீட்டி, தெறித்த தண்ணீரையெல்லாம் தன் சட்டையில் வாங்கினாள். கோயில் வீதி மணலில் குந்தினாள், புரண்டாள். ஐஸ்பழம் உருகி முன்பக்கம் முழுக்க வழிந்தது. ஒருவரும் அவளை ஏசவில்லை. ஏசுவதற்கு அந்தச் சட்டையில் புதிதாகக் கெட என்ன இருக்கிறது? தேர் வீதி சுற்றி இருப்புக்கு வரும்வரை அவள் என் தோளில் இருந்து "அம்மாளாச்சி! அம்மாளாச்சி!" என்று கூப்பிட்டாள். ஐஸ்பழத்தின் மிச்சம் என் தலையில் வழிந்தது.

தேர் முடிந்து கடைப்பக்கம் வந்தோம். அங்கே கொடிகட்டித் தொங்கவிட்டிருந்தார்கள் புதுச்சட்டைகளை: நீலம், மஞ்சள், கத்தரிப்பூ நிறம். ஒரு ரோஸ் சட்டையில் சரிகை இரட்டை வரிசை. மடையனுக்கு மனம் கேட்குமா?

"பிள்ளை, அப்பா உமக்கு உந்த ரோஸ் சட்டை வாங்கித் தரட்டே?"

அவள் சட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் போடுறதெண்டா வாங்குங்கோ."