சூளைச் சூடு என்று நினைத்த காய்ச்சல்

விருத்தாசலத்தை விட்டுத் திட்டக்குடி சாலையில் நடந்துகொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டவன். ஊர் மாறுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் கிளம்பியிருந்தேன்.

பீங்கான் சூளையில் என்னோடு சாமான் அடுக்குகிறவருக்கு இரண்டு மாதமாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. எங்களுக்கு எந்தக் காய்ச்சலும் சூளைச் சூடுதான். மெடிக்கலில் நான்தான் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிக் கொடுப்பேன். மூன்று நாள் போடுவார், காய்ச்சல் நிற்கும், சூளைக்கு வந்துவிடுவார். பத்து நாளில் மறுபடி வரும், மறுபடி வாங்குவேன். தெரிந்தால் வேலைக்கு விடமாட்டாள் என்று மனைவியிடம் மறைத்திருந்தார்.

அன்று காலை மூச்சு வாங்கிச் சரிந்தார். பேசக்கூட முடியவில்லை. நானும் அவர் மனைவியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா நெஞ்சில் வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டார். நகங்களுக்கு அடியில் முள் ஏறியதுபோலிருந்த கீற்றுகளைப் பார்த்தார்.

"சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாம்மா?"

"வந்துச்சாம்ங்க. மாசாமாசம் ஊசி போட்டுக்கிட்டு இருந்தவரு நடுவுல வுட்டுட்டாராம்," என்றார் மனைவி.

"அப்பவே இதய வால்வு கெட்டிருக்கும். இப்ப அதுல கிருமி உக்காந்திருக்குதுன்னு நெனைக்கிறேன். மாத்திரை ஏதாச்சும் போட்டாரா? போட்டிருந்தா ரத்தத்தச் சோதிச்சாலும் கிருமி அகப்படாது."

"ஒண்ணும் போடலைங்க."

அவர் செத்தால் நான் கொன்றதாகும் என்று தோன்றியது. டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி நழுவிவிட்டேன். இரண்டு மைல் நடந்த பிறகுதான், ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தால் டாக்டரம்மா அதை நம்பிவிடக்கூடும் என்பது உறைத்தது. எதிரே வந்த பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

"என்னாண்ணே, டீ குடிக்கத் திட்டக்குடிக்கே போயிட்டீங்களா?" என்றார் அவர் மனைவி.

மாத்திரையின் பெயர், போட்ட நாட்கள், நேற்று போட்டது வரை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார்.

"ரத்தத்தை மூணு தடவ எடுத்து, லேப்ல வழக்கத்தவிடக் கூடச் சில நாள் வெச்சுப் பாக்கச் சொல்றேன். நாளைக்குப் பாண்டிச்சேரிக்கு அனுப்புறேன், வால்வு எப்படியிருக்குன்னு பாக்க எக்கோ ஸ்கேன் எடுக்கணும். ஆறு வாரம் ஊசி. காய்ச்சல் நின்னுடுச்சுன்னு நடுவுல எழுந்து வந்தா, பொழைக்கமாட்டாரு."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "புள்ளைங்கள வுட்டுட்டு நான் எப்படிப் போவேன்? ஆறு வாரம் ஒரே எடத்துல உக்காருவீங்களா நீங்க?" என்று கேட்டார்.

மறுநாள் காலை ஆம்புலன்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். காய்ச்சல் நின்றதும், "போதும்ப்பா, வா போவலாம்" என்பார். அவரைப் படுக்கையை விட்டு எழவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நான் ஏற்றுக்கொண்ட வேலை.