வாங்கிப் பாட ஆளில்லாத ஊர்

பினாங்கில் பாட்டுக் கேட்கப் போகிறவர்கள் பாடுவதில்லை. கப்பலிறங்கி எத்தனையோ வருஷமாகியும் இது எனக்குப் பழகவில்லை. மேடையில் ஒருவர் தன்னந்தனியாகப் பாடுவார். கீழே இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் கையைத் தட்டுவார்கள். நம் ஆட்டையாம்பட்டியில் பாட்டு முடிந்தபின் கை தட்டினால் காக்காய் ஓட்டுகிறான் என்றுதான் நினைப்பார்கள்.

நம்மூர்ப் பெருமாள் கோயில் சனிக்கிழமை பஜனை உங்களுக்குத் தெரியும். தறியை விட்டு எழுந்தவர்கள் கால் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார்கள். ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் அதை வாங்கிப் பாடவேண்டும். வாங்காமல் விட்டால், ஆளைக் கிணற்றில் இறக்கிவிட்டுக் கயிற்றை அறுத்த மாதிரி. என் சித்தப்பாவுக்கும் சுருதிக்கும் என்றைக்குமே பேச்சுவார்த்தை கிடையாது. அதற்காக யாரும் அவரைக் கைவிட்டதில்லை. சித்தி செத்த மாதம் அவர் முறை வந்தபோது, முதல் அடியிலேயே குரல் உடைந்து நின்றுவிட்டது. கூட்டம் அந்த அரை அடியை வாங்கி முழுசாக்கி, அவருக்குக் குரல் திரும்பும்வரை பாடிக்கொண்டே இருந்தது. தெலுங்குக் கீர்த்தனை, ஒருத்தருக்கும் அர்த்தம் தெரியாது. நான் அழுதுகொண்டே பாடினேன்.

பினாங்கில் எங்கள் துணிக்கடைக்குப் பக்கத்துத் தையற்காரர் லிம், சீனர். தினமும் சாயங்காலம் எனக்கொரு கோப்பி வாங்கித் தருவார். அரைகுறை மலாயிலும் கைஜாடையிலுமாக ஊர்க்கதை பேசுவோம். நம்மாட்களை விட்டால் எனக்கு அங்கே இருந்த ஒரே சிநேகம் அதுதான். ஒருநாள் தங்கள் சங்கத்தில் பாடப்போவதாக என்னை அழைத்தார். சீனாவில் இறந்துபோன அம்மாவின் பாட்டாம். இரண்டாம் அடியில் குரல் உடைந்து நின்றார். சபை மரியாதையாக மௌனம் காத்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அவர் விட்ட அடியை, காதில் விழுந்தபடி, உரக்க வாங்கிப் பாடிவிட்டேன். அது ஆட்டையாம்பட்டிச் சீனம். சபை கொல்லென்று சிரித்தது. லிம் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் கோப்பி வரவில்லை. சமாதானம் சொல்லப்போய், “பாகுஸ், பாகுஸ்” என்றேன். ‘நன்று’ என்பதற்கு அதுதான் எனக்குத் தெரிந்த மலாய். அதையும் கேலியென்று எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். துணி விலை சொல்லப் போதுமான பாஷை மனசைச் சொல்லப் போதவில்லை.

சனிக்கிழமை அவரைக் கையைப் பிடித்து, நம்மாட்கள் குடியிருக்கும் மாடியில் நடக்கும் பஜனைக்கு இழுத்துப் போனேன். ஒருவர் கொடுப்பதையும் மற்றவர்கள் வாங்குவதையும் அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். என் முறை வந்ததும் சித்தப்பா பாடிய கீர்த்தனையையே எடுத்தேன். அவர் நினைப்பில் நானும் பாதி அடியில் நின்றுவிட்டேன். நம்மாட்கள் வாங்குவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது. லிம்மின் வாயில் தெலுங்கு பட்ட பாட்டைப் பெருமாள்தான் மன்னிக்கவேண்டும். முடிந்ததும் அவர் மட்டும் கை தட்டினார். மறுநாள் கோப்பி வந்தது.

போன தையில் ஊருக்கு வந்திருந்தேன். பஜனையில் அக்கா வீட்டுக்காரர் பாடினார். பாட்டு முடிந்ததும் படபடவென்று ஒரு சத்தம். பார்த்தால் என் கைகள். மச்சான் என் பக்கம் திரும்பி, “ஏனுங்க மாப்ள, காக்கா கீக்கா வந்துருச்சுங்களா?” என்றார். கோயிலே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த அடியை எல்லாரும் வாங்கினார்கள். ஒரு பிசிறில்லை. தப்பும் தவறுமாக ஒரு குரல் பின்னாலிருந்து வருகிறதா என்று என் காது தேடிக்கொண்டிருந்தது.