மஞ்சள் தண்ணீர் ஊற்றிய மரம்

சுங்காய் என்று நாங்கள் சொல்லும் ஆற்றுக்கு மேலே மலைச்சரிவில் நின்ற துவாலாங் மரத்தை வெட்டியவன் நான் இல்லை. வெட்ட வைத்தவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவில் எங்கள் தோட்டத்துத் துரை இன்னும் ரப்பர் நடவேண்டும் என்றார். அவர் சொன்னார், காட்டை அழித்தது நாங்கள். சரிவின் அடியிலிருந்து ஒவ்வொரு மரத்தையும் பாதி வெட்டி நிற்க விட்டுக்கொண்டே மேலே போவோம். கடைசியில் உச்சியில் ஒரு பெரிய மரத்தை மட்டும் முழுக்க வெட்டுவோம். அது கீழே இருப்பதன் மேல் சாயும், அது அடுத்ததன் மேல். முழுச் சரிவும் படுத்துவிடும். அந்த உச்சி மரத்துக்குத் தலைமரம் என்று பெயர். தலைமரத்துக்குத் தோட்டக் கணக்கெழுதும் கிராணி காவியால் சிவப்புப் பட்டை அடிப்பார். வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டை என்றால் தொடக்கூடாது, அதற்கு மேல் சர்க்கார் காடு.

துவாலாங் அந்த எல்லையில் நின்றது. பலகை பலகையாக வேர், வெளுத்த வழவழப்பான உடம்பு. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம் வரை ஒரு கிளை கிடையாது. அதற்கும் மேலே முறம் முறமாகத் தேனடை. பூக்கிற காலத்தில் தேனீ எங்கிருந்தோ வரும், முடிந்ததும் போய்விடும். ஒரு மலைக்காரன் குடும்பம் அதில் மூங்கில் முளை அடித்து ஏறித் தேன் எடுத்து வந்தது. அவன் அப்பனும் அதே மரத்தில்தான் ஏறினானாம்.

வெட்டு தொடங்குவதற்கு முன்னால் அவன் எங்கள் கூலி லயத்துக்கு வந்தான். நாங்கள் பேசியது மலாயில்.

"இந்த மரத்தையும் படுக்க வெச்சிருவீங்களா?"

"சுண்ணாம்பு அடிச்சிருக்கு, பாக்கலையா? ஒருத்தனும் தொடமாட்டான். நான் சொல்றேன்லா."

மூங்கில் குழாய் நிறையத் தேன் கொடுத்துவிட்டுப் போனான். நக்கித் தின்றோம்.

காட்டில் கோடாரி வைப்பதற்கு முன் இருப்பதில் பெரிய மரத்துக்குப் பூசை போடுவது எங்கள் வழக்கம். முனி குடியிருக்குமே. பெரிய மரம் துவாலாங்தான். சேவல் அறுத்தோம். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை நான்தான் தூக்கி வேரில் ஊற்றினேன். முந்தின நாள்தான் அந்த வேரின் மேல் சுண்ணாம்புப் பட்டை அடித்திருந்தார்கள். ஆரத்தித் தட்டில் ஆவது போலப் பட்டை முழுக்கச் சிவந்துவிட்டது.

"பாருடா, சாமி வெத்தலை போட்டுக்கிச்சு!" என்றார் எங்கள் கூட்டத்துக் கங்காணி. எல்லோரும் சிரித்தோம். திரும்ப வெள்ளை அடிக்கவேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கடைசி நாள் உச்சியில் நின்றது வேறு கூட்டம், புதுக்கப்பலில் வந்தவர்கள், எங்கள் பூசையைப் பார்க்காதவர்கள். நாங்கள் வேலை முடிந்து அடிவாரத்தில் உட்கார்ந்திருந்தோம். மேலே கோடாரி விழும் சத்தம் கேட்டது. மற்ற மரம் அப்படி ஒலிக்காது. அந்தப் பலகை வேர் தப்பு மேளம் அடித்த மாதிரி அதிர்ந்தது.

"அண்ணே, அது தேன்மரம்ணே," என்றேன் கங்காணியிடம்.

"இருந்தா என்னடா? சிவப்பு இருக்கு, வெட்டுறானுங்க."

"அது காவி இல்லண்ணே. நம்ம மஞ்சத்தண்ணி."

கங்காணி என்னைப் பார்த்தார். "ஊத்துனது யாரு, நானா? நீ போய்ச் சொல்லு. சொல்லிட்டு துரைகிட்ட ஒதையும் நீயே வாங்கிக்க."

நான் போகவில்லை. பாதி வெட்டின மரங்களுக்கு நடுவே ஏறினால் சாவுதான் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். ஓடையை ஒட்டிச் சுற்றிப்போக வழி இருந்தது. அவ்வளவு பெரிய மரம் விழ மத்தியானம் வரை ஆனது, நேரமும் இருந்தது. உதைக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன். பீடி பிடித்தேன்.

விழுந்தபோது மண் குலுங்கியது. சரிவு முழுவதும் அதன் பின்னால் விழுந்தது. தேனீக்கள் மரம் நின்ற உயரத்திலேயே, ஒன்றும் இல்லாத இடத்தில், சுற்றிக்கொண்டே இருந்தன.

மறுநாள் மலைக்காரன் வந்தான். விழுந்த மரத்தில் ஒடியாத முளைகளைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டான். பிறகு அடிமரத்தில் மிச்சமிருந்த சிவப்பைத் தொட்டுக் கேட்டான்.

"இதை அடிச்சது யாரு?"

"கிராணி," என்றேன்.

அவன் நேராகக் கிராணியிடம் போய்க் கேட்டிருக்கிறான். ஒன்றும் தெரியாத கிராணி நாயை அவிழ்த்துவிட்டாராம். அந்தப் பாவமும் என்னுடையதுதான்.

அந்த அடிமரத்தை எரிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அதைச் சுற்றி ரப்பர் நட்டார்கள். மரங்கள் வளர்ந்ததும் அந்த நிரை எனக்கே வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், விடிந்தால் பால் வெட்டும் கத்தியோடு அதைச் சுற்றித்தான் நடந்தேன். மலைக்காரன் திரும்பி வரவே இல்லை. வந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று கேட்டால், தெரியாது.