தூணுக்குள் தாலி

பாஞ்சாலியைப் பைத்தியம் என்கிறவர்கள் என் கடையில் டீ குடிக்க வேண்டாம். என் கடைக்கு எதிரே இருந்த லாட்ஜ் அவள் தலைச்சுமையில் எழும்பியது. பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையிலிருந்து புருஷன் பச்சையப்பனோடு வேலைக்கு வருவாள். அவன் கலவை மெஷின் ஓட்டினான், இவள் சட்டி சுமந்தாள். அவனுக்கு டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

முன்பக்கத் தூணுக்குக் கான்கிரீட் கொட்டும்போது, சட்டியின் விளிம்பில் மாட்டி அவள் தாலிக்கயிறு அறுந்தது. தாலி கலவையோடு, தூணுக்கு அடித்திருந்த பலகைப் பெட்டிக்குள் போய்விட்டது. பாதியில் நிறுத்தினால் தூண் ஒட்டாது என்று மேஸ்திரி சடகோபன் அடுத்த சட்டியைக் கொட்டச் சொன்னார். பாஞ்சாலி அபசகுனம் என்று அழுதாள். பச்சையப்பன் சிரித்தான்.

"அழுதுகினு நிக்காத. தூணு நிக்கிற வரைக்கும் நானும் நிப்பேன்."

அன்றைக்கே ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டான்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்குள் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. காரியத்தன்று பெண்கள் அந்த மஞ்சள் கயிற்றை அறுத்தபோது அவள் அழவில்லை.

"தாலி அங்க தூணுல இருக்குது. அத யாரு அறுத்தீங்க?" என்றாள்.

அதன் பிறகு தினமும் பஸ் ஏறுமுன் அந்தத் தூணில் காதை வைத்து நிற்பாள். "உள்ள அவரு மெஷின் ஓடுதுண்ணா" என்பாள். எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு மத்தியானம் நானும் காதை வைத்தேன். உள்ளே ஏதோ கரகரவென்று சுற்றியது. திருப்பதி பஸ் போகிற அதிர்வு என்று சொல்லிக்கொண்டேன். திரும்பினால் ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் ரோட்டை அகலப்படுத்த லாட்ஜை இடித்தார்கள்.

"தூணு விழுந்தா அவரு போயிடுவாருண்ணா" என்று என்னிடம் அழுதாள். பிறகு இடிபாடு அள்ளும் வேலைக்கு அவளே போய்ச் சேர்ந்தாள். தூண் விழுந்ததும் ஒவ்வொரு துண்டாகப் புரட்டினாள். தேங்காய் அளவுத் துண்டு ஒன்றில் தாலிப் பொட்டின் ஓரம் மின்னியது. இடிக்கிற மெஷின் ஓட்டிய கௌதமன் நல்ல பிள்ளை, சுத்தியலோடு ஓடி வந்தான்.

"குடுக்கா, உடைச்சி எடுத்துத் தரேன்."

"வேணாம்பா. இப்பதான் அறுத்த மாதிரி ஆயிடும்."

துண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தாள். என் பெஞ்சில் அதைப் பதமாக இறக்கினாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், குனிந்து காதை வைத்தாள். முகம் தெளிந்தது.

"ரெண்டு டீ போடுண்ணா."

ஒன்றில் சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டேன்.