சீர்வரிசையில் வந்த டிரில்லிங் மிஷின்

என் மனைவி பிறந்த ஊர் அரியலூர். எங்களுக்குள் எந்த வாக்குவாதம் வந்தாலும், அது தேங்காய்ச் சட்னியில் தொடங்கியதாகவே இருந்தாலும், கடைசியில் "எங்கூர்ல ரயில் நிக்கும்" என்பதில் போய் முடியும். நான் பெரம்பலூர்க்காரன்; எங்கள் ஊருக்கு ரயில் பாதையே கிடையாது. நெடுஞ்சாலை, நினைத்த நேரத்தில் பஸ் என்று நான் அடுக்குவதெல்லாம் ஒரு தண்டவாளத்தின் முன்னால் எடுபடாது.

அந்த அரியலூரிலிருந்துதான், போன வருஷப் பொங்கல் சீரோடு, டிரில்லிங் மிஷின் வந்தது.

என் மனைவியின் அண்ணன் அங்கே ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறார். வருஷம் தவறாமல் பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குச் சீர் கொண்டுவருவார். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், வேட்டி சேலை எல்லாம் எங்கள் ஹாலில் பரப்பி வைக்கப்படும். தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். போன வருஷம் வாழைத்தாருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பெட்டியும் இருந்தது. உள்ளே, ஒயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் மிஷின்.

"மாப்ள ஆணி அடிச்சா ஆணி வளையும், இல்லாட்டி வெரலு வளையும். அதான் இது" என்று வந்திருந்தவர்களுக்கு மச்சானே விளக்கினார். அந்தக் கேலியையும் சீரின் ஒரு பகுதியாகவே நான் ஏற்றுக்கொண்டேன்.

ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். சீராக வந்த பொருளைக் குறை சொல்வது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். வெல்லம் கொஞ்சம் கறுப்பு என்று காலையில் முணுமுணுத்தால், சாயங்காலத்துக்குள் அது "மாப்ளைக்கு சீர் பத்தலயாம்" என்று அரியலூர் போய்ச் சேர்ந்திருக்கும். ஒருமுறை சீரில் வந்த சுவர்க் கடிகாரம் மெதுவாக ஓடியது. யாரும் வாயைத் திறக்கவில்லை. அது தானாக நின்றுபோகும் வரை எங்கள் குடும்பமே எல்லா இடத்துக்கும் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தது.

மிஷின் ஆரம்பத்தில் நன்றாகவே ஓடியது. காலண்டர் மாட்ட, துணிக்கொடி கட்ட என்று வீட்டுச் சுவர்களில் நான் போட்ட ஓட்டைகள் தேவைக்கு மேலேயே இருந்தன. ஆவணியோடு வேலை தீர்ந்தது, பெட்டிக்குள் வைத்தேன். பிறகு மழைக்காலத்தில் என் புத்தகங்கள் இருந்த மர அலமாரிக்குள் கரையான் வந்தது. கரையானுக்கு இலக்கிய ருசி உண்டு என்பதை அன்று அறிந்தேன். தொகுதிகளாக வந்தவற்றை வரிசை பிசகாமல் முதல் தொகுதியிலிருந்து தொடங்கியிருந்தது. மிஞ்சிய புத்தகங்களைக் காயவைத்து, தட்டி, காலி சிமெண்ட் சாக்குகளில் கட்டி ஹால் மூலையில் நிறுத்தினேன். மார்கழி வந்த பிறகும் அவை அங்கேயே நின்றன.

"சீர் எறக்கற எடத்துலதான் ஒங்க மூட்ட நிக்கணுமா?" என்றாள் மனைவி.

"செவுத்துல பலகை அடிச்சு ஏத்திடறேன். கரையானுக்கும் எட்டாது."

"எப்ப?"

"பொங்கலுக்குள்ள."

அவளுக்கு என்னுடைய பொங்கல்களைப் பற்றித் தெரியும். எங்கள் தெருவில் ஞாயிறு காலையில் ஒலிபெருக்கி கட்டிய பழைய பேப்பர் வண்டி வரும். அந்த வண்டிக்காரரை நிறுத்தி, "அடுத்த ஞாயிறு கட்டாயம் வாங்க, நெறைய கெடக்கு" என்று என் காது கேட்கவே சொன்னாள். பிறகு உள்ளே வந்து எனக்கும் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம அண்ணனும் வருது, பேப்பர் வண்டியும் வருது. ரெண்டுல எது முன்னாடி வந்தாலும் மூட்ட ஹால்ல இருக்கக் கூடாது."

கல்லூரி நாள் முதல் சேர்த்த புத்தகங்கள். அவற்றில் பாதியை நான் இன்னும் படிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் படிக்காத புத்தகத்தை எடைக்குப் போடுவது, பேசிப் பழகாத ஆளை ஊரைவிட்டுத் துரத்துவது போன்றது.

பிளைவுட் பலகை, எல் ஆங்கிள், ஸ்குரூ எல்லாம் வாங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். ரசமட்டம் வைத்துச் சுவரில் கோடு கிழித்தேன். மிஷினை எடுத்து விசையை அழுத்தினேன். காற்றில் அருமையாகச் சுற்றியது. சுவரில் வைத்து அழுத்தினேன். "ம்ம்" என்று ஒரு முனகல், நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலை என் அலுவலகத்தில் கேட்கும் அதே முனகல். எங்கிருந்தோ லேசாகச் சந்தன வாசம் வந்தது. வெள்ளிக்கிழமையாயிற்றே, பூஜையறையில் ஊதுவத்தி ஏற்றியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

படித்தவன் பதறமாட்டான். ஒவ்வொரு காரணமாகத் தள்ளிக்கொண்டே வந்தால் மிஞ்சுவதுதான் குற்றவாளி. முதலில் சுவரைச் சந்தேகித்தேன். ஒரு பழைய முக்காலியில் ஓட்டை போட்டுப் பார்த்தேன், அங்கும் முனகல். அடுத்து முனையில் மாட்டும் பிட்டு. மழுங்கியிருக்கும் என்று புதிது வாங்கி மாட்டினேன். முனகலில் ஒரு புதுமையும் இல்லை. பிறகு கையேட்டைப் பிரித்தேன். உலகத்து மொழிகள் பலவற்றில் இருந்தது, தமிழைத் தவிர. அதிலிருந்த படத்தைப் பார்த்துத்தான், நான் அதுவரை மிஷினை ரிவர்ஸில் ஓட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பொத்தானை மாற்றினேன். சரியான திசையிலும் அது தவறாமல் நின்றது.

மிஷினின் கழுத்தில், சுற்றும் பலத்தைக் கூட்டிக் குறைக்க, எண் போட்ட வளையம் ஒன்று உண்டு. அதை எல்லா எண்களிலும் வைத்துப் பார்த்தேன். பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட்டேன். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. மார்கழிக் குளிரில் நானே மெதுவாகத்தான் எழுகிறேன் என்று மன்னித்தேன். பச்சை விளக்கு எரிந்தது. மாட்டினேன். காற்றில் கர்ஜனை, சுவரில் முனகல், கூடவே சந்தன வாசம்.

சனிக்கிழமை காலை என் மனைவி வழக்கம்போல் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மாப்ள இருக்காரா? மிஷினு எப்புடி ஓடுது மாப்ள?"

"பிரமாதமா ஓடுதுங்க மச்சான்."

"என்னா ஓட்ட போட்டீங்க?"

"பலகை அடிக்கறேங்க. நாளைக்கு வந்து பாருங்களேன்."

"வந்து தட்டிப் பாக்கறேன். சொவரு இருக்கும்ல?"

போனை வைத்ததும் மனைவி மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டையும் ஒரே எடையில் பார்த்தாள்.

மிஷினை மஞ்சப்பையில் மறைத்து, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மோட்டார் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் வாங்கி விசையை அழுத்தினார். அது பம்பரம் போல் சுற்றியது.

"ஓடுதே சார்."

"செவுத்துல வச்சா நின்னுருதுங்க."

"அப்ப செவுத்துல வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவரும் சிரித்தார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "பேட்டரி அவுட்டு சார். திருச்சியில சொல்லித்தான் வரணும். பொங்கலு கழிச்சு வாங்க" என்றார். அவர் பேட்டரியைக் கழற்றக்கூட இல்லை. வைத்தியரைக் கண்டதும் இருமலை நிறுத்திக்கொண்ட நோயாளியைக் கூட்டிவந்தவன் போல் நான் திரும்பினேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மூட்டைகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஒரு சாக்கின் வாய் வழியாகக் கரையான் பாதி தின்ற அட்டை ஒன்று எட்டிப் பார்த்தது. எதற்கும் இன்னொரு முறை என்று எழுந்து, மிஷினைச் சுவரில் வைத்து, ஆத்திரத்தில் பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். முனகல். நின்றது. வாசம் வந்தது, இந்த முறை பலமாகவே வந்தது.

பூஜையறை கதவு சாத்தியிருந்தது.

மோட்டார் கெட்டால் ரப்பர் கருகும் நாற்றம் வர வேண்டும். பேட்டரி கெட்டால் ஏதோ அமிலம் போல வர வேண்டும். நின்றுபோகும்போதெல்லாம் அபிஷேக வாசம் வீசும் டிரில்லிங் மிஷினை உலகத்தில் யார் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? மிஷினை மூக்கருகே கொண்டுபோனேன். கைப்பிடியின் அடியிலிருந்துதான் வந்தது. பேட்டரியைக் கழற்றினேன். வெதுவெதுப்பாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன்.

மின்சாரம் போகும் தகடுகள் இருக்கும் சிறு பள்ளங்களில், காய்ந்து வெடித்த சந்தனம். அதன் நடுவே ஒரு துளி குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

ஆயுத பூஜை!

அன்று வீட்டிலிருந்த அரிவாள்மணை, சைக்கிள் பம்பு, மிக்ஸி எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தோம். மிஷினும் வந்து உட்கார்ந்தது. செட்டிகுளம் மலைக்கோயிலுக்குப் போனபோது வாங்கிய சந்தனத்தை இழைத்து அவள் கிண்ணத்தில் கொடுக்க, பொட்டு வைத்தது வேறு யாருமல்ல.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நீங்கதான வச்சீங்க? நான் மிஷினுக்கு வச்சா போதும்னேன். 'உசுரே பேட்டரியிலதான் இருக்கு, அதுக்குத் தனியா வைக்கணும்'னு கழட்டி எடுத்தீங்க."

சொல்லியிருப்பேன். அதுமாதிரி சொல்கிற ஆள்தான் நான். பொட்டு வைக்க ஒரு நெற்றி வேண்டும். அந்தப் பேட்டரியில் நெற்றி போல் தெரிந்தது தகடுகள் இருந்த அந்த மேல்பக்கம்தான். மூன்று விரலால் பட்டையாக இழுத்து, நடுவில் பொட்டும் வைத்து, பக்தியோடு அதன் மூச்சை அடைத்திருக்கிறேன். காற்றில் சும்மா சுற்றக் கொஞ்சம் மின்சாரம் போதும்; அது சந்தனத்தைச் சுற்றிக்கொண்டு எப்படியோ வந்துவிட்டது. சுவரில் அழுத்தும்போது நிறைய வேண்டும். அப்போது தகடு சூடாகி, சந்தனம் மணந்து, மிஷின் படுத்துவிட்டது.

"சிரிக்காத" என்றேன்.

"நான் எங்க சிரிச்சேன்?" என்றவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளே போய்ப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும், கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய சானிடைசர் பாட்டிலும் எடுத்துவந்தாள். காது குடையும் பஞ்சுக் குச்சியால் பள்ளம் பள்ளமாக நான் துடைத்தேன். மிஷின் பக்கத்துத் தகடுகளிலும் சந்தனம் ஒட்டியிருந்தது. அதையும் சுரண்டி எடுத்தேன். ஈரம் போகட்டும் என்று இரண்டையும் ஃபேன் அடியில் காயவைத்தோம். நான் போட்ட பூஜையை நானே அலம்பிவிட்ட பாவம் என்னைச் சேராதிருக்க, அவள் சாமி படத்தின் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள்.

மாட்டினேன். சுவரில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

அது உறுமியது! சிவப்புச் செங்கல் தூள் என் சட்டை மீதும் மீசை மீதும் கொட்டியது. பிட்டு கழுத்து வரை உள்ளே போய் நின்றபோது, மலையைக் குடைந்து மறுபக்கம் வந்தவன்போல் நான் திரும்பிப் பார்த்தேன். "அடுத்தது போடுங்க, பாத்துக்கிட்டு நிக்காம" என்றாள் என் மனைவி, ரசமட்டத்தைப் பிடித்தபடி. பொழுது சாய்வதற்குள் எல்லா ஆங்கிளும் ஏறின, பலகைகள் ஏறின. சாக்குகளை அவிழ்த்து அவள் எடுத்துக் கொடுக்க, நான் அடுக்கினேன். ஒரு தடிப் புத்தகத்தைக் கையில் எடை பார்த்து, "இத படிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். "இனிமே படிப்பேன்" என்றேன். அன்று என்னால் எதுவும் முடியும் என்று தோன்றியது.

ஞாயிறு காலை பேப்பர் வண்டிதான் முன்னால் வந்தது. வண்டிக்காரர் தராசோடு கேட்டில் நின்றார்.

"அக்கா நெறைய கெடக்குன்னாங்க..."

"இந்தாங்க" என்று காலிச் சாக்குகளை மடித்து நீட்டினேன். அரசர்கள் பொன்முடிப்புக் கொடுத்தபோதுகூட அவ்வளவு தோரணை இருந்திருக்காது. அவர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாக்கை வண்டியில் போட்டுக்கொண்டு போனார்.

வண்டி முனை திரும்புவதற்குள் மச்சான் ஆட்டோவில் வந்து இறங்கினார், கரும்புக் கட்டோடும் வாழைத்தாரோடும். ஹாலில் தாராளமாக இடம் இருந்தது. சீரை இறக்கியதும் நேராகச் சுவரிடம் போனார். தட்டினார். பலகையைப் பிடித்துத் தொங்குவதுபோல் இழுத்தார். ஒரு புத்தகம்கூட அசையவில்லை.

"ஆரை வச்சு அடிச்சீங்க மாப்ள?"

"உங்க மிஷின வச்சுத்தான் மச்சான்."

நம்பாமல் மிஷினை எடுத்து விசையை அழுத்தினார். அது கணீரென்று சுற்றியது. அவர் மூக்கைச் சுருக்கினார். எட்டாத இடுக்கில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

"என்னா மாப்ள, மிஷினுல சந்தன வாசம் வருது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள், சீர் பார்க்க வந்து நின்ற தெருப் பெண்களுக்கும் கேட்கும்படி என் மனைவி சொன்னாள்:

"எங்கண்ணன் சீராக் குடுத்த மிஷினு. அப்புடித்தான் மணக்கும்."