தண்ணிவிதானை வீரகத்தியும் தண்டவாளத்து மாடுகளும்

எங்கள் குடியேற்றத்தில் வீரகத்தி என்றொரு மனிதர் இருந்தார். மனிதர் என்று எழுதுவது ஒரு மரியாதைக்குத்தான். கிளிநொச்சியில் காடு வெட்டிக் காணி கொடுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களில் அவரும் ஒருவர். மற்றவர்கள் கோடரியோடும் மண்வெட்டியோடும் வந்து இறங்கினார்கள். வீரகத்தியார் ஒரு கறுப்புக் கோட்டோடும் குடையோடும் வந்து இறங்கினார். ஊரில் வைத்திருந்த சுருட்டுக்கடை படுத்துப்போனதால் வந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் மட்டும், அரசாங்கக் கந்தோரில் உள்ள பெரியவர்கள் கையைப் பிடித்துக் கெஞ்சிக் கூப்பிட்டதால் வந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவருக்கு ஒரு வியாதி. ஊரில் எந்தப் புதினமும் தன் வாயிலிருந்துதான் முதலில் வெளிவர வேண்டும். மழை வருமா, மண்ணெண்ணெய் எப்போது வரும், குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எதைக் கேட்டாலும் "எனக்குச் சொன்னவை" என்று தொடங்குவார். ஆர் சொன்னவை என்று கேட்டால் முகட்டைப் பார்த்து, "சொல்ல வேண்டிய ஆக்கள்தான்" என்பார். தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒருமுறை கனகராயன்குளம் போக நின்ற பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை, இன்றைக்கு பஸ் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அவள் தன் வீட்டுப் படலையைத் திறக்க முன்னமே பஸ் அவர் மூக்குக்கு முன்னால் போனது. "அது வேறை பஸ்" என்றார்.

இப்படிப்பட்டவருக்குத் தண்ணிவிதானைப் பதவி கிடைத்ததில் புதுமை இல்லை. கந்தோர்க்காரர் எவர் வந்தாலும் ஜீப் நிற்க முன்னம் குடையை விரித்துக்கொண்டு ஓடினால் எந்தப் பதவியும் கிடைக்கும். வாய்க்காலில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்பது அன்றிலிருந்து அவர் கையில். நேற்றுவரை அவருடைய கோட்டைப் பார்த்துச் சிரித்த சனம், மறுநாள் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டது. நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும், அது சரி. ஆனால் எங்கள் ஆட்கள் வேண்டியதற்கு மேலாகவே வளைந்தார்கள். முயல் இறைச்சி என்ன, தேன் போத்தல் என்ன, அவர் வீட்டு வேலி அடைக்க வரிசையில் நின்ற ஆட்கள் என்ன!

அந்த வரிசையில் நிற்காதவர்களில் ஒருத்தி இராசமலர். வடமராட்சியிலிருந்து புருசனோடு வந்தவள். காடு வெட்டிய முதல் வருசமே புருசன் காய்ச்சலில் போய்விட்டான். திரும்பிப் போ என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவள் போகவில்லை. ஒரே மகன் யோகலிங்கத்தை வைத்துக்கொண்டு கமத்தைச் செய்தாள். அவன் பதினெட்டு வயதில் ஏர் பிடித்தால் சால் நேராக ஓடும். வேலை சொன்னால் மறுமொழி சொல்லாமல் செய்கிற பிள்ளை. அந்தக் குணம்தான் அவனுக்கு யமனானது.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழியில் வெள்ளம் வந்தது. குளம் நிரம்பி வான் பாய்ந்து, வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீராகக் கிடந்தது. காய்ந்திருந்த ஒரே இடம் றெயில் பாதை போட்ட மண் அணைதான். சனம் சட்டி பானையையும் பிள்ளைகளையும் மாடுகளையும் கொண்டு அதில் ஏறி, சாக்கையும் கிடுகையும் பிடித்துக் குடில் போட்டது. மனிதர் எப்படியாவது குந்தியிருக்கலாம். மாடுகள் தண்ணீரைக் கண்டு வெருண்டு அணையிலிருந்து பாயப் பார்த்தன. சல்லிக்கல்லில் கட்டை அடித்தால் நிற்காது. கமக்காரனுக்கு மாடு போனால் இரண்டு கையும் போன மாதிரி.

"தண்டவாளத்திலை கட்டுங்கோ" என்றார் வீரகத்தியார்.

"கோச்சி வந்தால்?" என்று யோகலிங்கம்தான் கேட்டான்.

"கோச்சி வராது. வடக்காலை பாலம் உடைஞ்சு போச்சு. ஸ்ரேசனிலை எனக்குச் சொன்னவை."

பாலம் உடைந்தது உண்மை. ஆனால் ஸ்ரேசனுக்குப் போவதென்றால் நெஞ்சளவு தண்ணீரில் போக வேண்டும். அவருடைய கோட்டு முழங்கை வரைகூட நனையவில்லை. எல்லாரும் அதைப் பார்த்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. தண்ணிவிதானை சொன்னால் கோச்சிகூடக் கேட்கும் என்று நினைத்தார்களோ என்னவோ. முதலில் அவருடைய வெள்ளை மாட்டுச் சோடியைத் தெற்குப் பக்கக் கடைசித் தொங்கலில், நல்ல மேடான இடத்தில் கட்டினார்கள். பிறகு ஊர் மாடெல்லாம் தும்புக் கயிற்றால் வரிசையாகத் தண்டவாளத்தில் கட்டப்பட்டன.

அடுத்த நாள் மத்தியானம் வண்டி வந்தது. உடைந்த பாலத்தைத் திருத்தக் கல்லும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு தெற்கிலிருந்து வந்தது. எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்ததால், அந்த மழை இரைச்சலில் கிட்ட வரும்வரை ஒருவருக்கும் கேட்கவில்லை. தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அணைச் சரிவில் உருண்டார்கள். வீரகத்தியார் அவித்த மரவள்ளிக் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு தன் குடிலில் இருந்தார். இருந்த இடத்திலிருந்தே கத்தினார்.

"டேய், என்ரை மாடு! ஓடிப்போய் அவிழுங்கோடா!"

அவர் எழும்பவில்லை. ஓடியது மூன்று பேர். யோகலிங்கம், அவன் வயதுத் தவராசா, தவராசாவின் தங்கச்சி விமலேஸ்வரி. நனைந்த தும்புக் கயிறு ஊறி முடிச்சு இறுகிக் கிடந்தது. விரலுக்கு அசையவில்லை. அந்தப் பெட்டை குசினிக் கத்தி ஒன்றைக் கொண்டு ஓடியிருந்தாள். ஒரு கயிற்றை அறுத்து, மற்றதையும் அறுத்தார்கள். மாடுகள் இரண்டும் தண்ணீரில் பாய்ந்து தப்பிக் கரை ஏறின. வண்டி ஊர் மாடுகளை எட்ட முன்னம் நின்றது. பிள்ளைகள் மூன்று பேரும் தப்பவில்லை.

அவர்களை எரிக்க ஊரில் காய்ந்த விறகு ஒரு துண்டு இருக்கவில்லை. வண்டியில் வந்த தொழிலாளிகள்தான் தண்டவாளத்துக்குக் கீழே போடுகிற சிலிப்பர் கட்டைகளை இறக்கித் தந்தார்கள். அவர்களுக்கு எங்கள் பாசை சரியாகத் தெரியாது. அழுதுகொண்டு தந்தார்கள். வீரகத்தியார் அந்த நேரம் தன் மாட்டுக்குக் காலில் காயமா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளம் வற்றியது. தவராசாவின் தாய் தகப்பன் இந்த மண்ணே வேண்டாம் என்று யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போனார்கள். இராசமலர் இருந்தாள். அடுத்த மார்கழியில் பிள்ளைகளை நினைக்க ஒரு நாள் வைக்க வேண்டும் என்று ஊர் பேசியது. பேசி முடிய முன்னம் வீரகத்தியார் அதற்குத் தலைவர். மன்றத்துக்குப் பெயர் வைத்தார், தீர்மானம் வைத்தார், தானே வழிமொழிந்தார். அணையில் கர்ப்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, பிறகு வாசிகசாலையில் கூட்டம். கூட்டத்தில் தலைவர் பேச்சு. பேச்சு முடிந்து சர்க்கரைத் தண்ணீர்.

அந்தப் பேச்சு வருசா வருசம் வளர்ந்தது. முதல் வருசம் விதி என்றார், அதோடு விட்டார். பிறகொரு வருசம், "போகாதேங்கோ பிள்ளையள் எண்டு கத்தினனான், கேட்டால்தானே" என்று சேர்த்தார். இன்னும் இரண்டு மார்கழி போக, தானும் கூட ஓடியதாகவும் யோகலிங்கத்தின் கையைப் பிடித்ததாகவும் அது வழுக்கியதாகவும் சொல்லி, எந்தக் கை என்று தூக்கிக் காட்டினார். மரவள்ளிக் கிழங்கு வைத்திருந்த கை அது. நேரில் கண்ட ஆண்களும் பெண்களும் கீழே பாயில் இருந்து தலையை ஆட்டினார்கள். நாற்று நட்டிருக்கிற மாதத்தில் தண்ணிவிதானைக்குத் தலை ஆட்டாமல் இருக்க எவருக்கும் துணிவில்லை. சிலர் மூக்கைக்கூடச் சீறினார்கள்.

பொய் பொய்யாகவே இருந்திருந்தால் இராசமலர் பொறுத்திருப்பாள். அது வீடுகளுக்குள் போனது. பிள்ளைகள் தண்டவாளப் பக்கம் போனால் தாய்மார், "சொல்வழி கேளாமல் போய் யோகலிங்கம் மாதிரிச் சாகப்போறியே" என்று ஏசத் தொடங்கினார்கள். வாசலுக்கு வாசல் இது. கிணற்றடியில் தன் காதாலேயே கேட்டாள். மறுமொழி சொல்லாமல் வேலை செய்த பிள்ளை, ஊர் வாயில் அடங்காப்பிடாரியாகி விட்டான். அன்று பின்னேரமே வீரகத்தியார் வீட்டுக்குப் போனாள். அவர் கதிரையில் இருந்தார். இவளை இருக்கச் சொல்லவில்லை.

"விதானையார், மாட்டை அவிழ்க்கச் சொன்னது நீங்கள். சபையிலை அதை ஒருக்காச் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை."

"பிள்ளை, உனக்குத் துக்கத்திலை மூளை குழம்பிப் போச்சு" என்றார். "விசர்க் கதை கதைக்கிறாய். வீட்டை போ."

அந்தப் போகம் அவள் வயலுக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் வந்தது. நெல் கதிர் தள்ளக் குடலையாக நின்ற நேரம் வாய்க்கால் மூடிக் கிடந்தது. பாதி பதராகப் போயிற்று. ஊர் அதையும் பார்த்தது, அதற்கும் தலையை ஆட்டியது. அவள் அடுத்த மார்கழிக் கூட்டத்தில் எழும்பி அதையே கேட்டாள். செயலாளர் கனகலிங்கம், கடைக்காரர், "அம்மா, நிகழ்ச்சி நிரலிலை அது இல்லை" என்றார். அந்த வருசமும் தண்ணீர் கடைசிதான். அதற்கு அடுத்த வருசமும் கேட்டாள்.

அறுபத்தைந்தில் அணைக்குப் பக்கத்தில் கல் ஒன்று நாட்டினார்கள். திறந்துவைக்க எங்கள் பகுதிக் காரியாதிகாரி, டீ.ஆர்.ஓ. துரை வந்தார். கல்லில் மூன்று பிள்ளைகளின் பெயருக்கும் மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், தலைவர் வீரகத்தியின் பெயர் இருந்தது. வெள்ளைச் சோடியில் உயிரோடிருந்த கிழ மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து அதையும் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள், பாவம், அது என்ன செய்யும்? இராசமலர் பட்டிப்பூவும் நந்தியாவட்டையும் ஆய்ந்து தானே கட்டிய மாலையோடு வந்தாள். கல்லுக்குப் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பி நின்று, மேசைக்கு அந்தப் பக்கம் துரை இருக்கத்தக்கதாகக் கேட்டாள்.

"விதானையார், என்ரை பிள்ளையை மாட்டை அவிழ்க்கச் சொன்னது ஆர்?"

கனகலிங்கம் எழும்பினார், திரும்ப இருந்தார். துரை வீரகத்தியாரைப் பார்த்தார். வீரகத்தியார் துரையைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் எவராவது ஒரு விசரன் எழும்பி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கோட்டுப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் கண்ணில் வைத்தார்.

"ஓம்" என்றார். "நான்தான் சொன்னனான். நான் பாவி. இவ்வளவு வருசமும் இந்தக் கல்லை நெஞ்சிலை சுமந்துகொண்டு திரியிறன். ஆருக்கு விளங்கும் என்ரை வேதனை?"

குரல் தழுதழுத்தது. நாடகத்தில் நடித்திருந்தால் நாலு காசு கண்டிருப்பார்.

பிறகு நடந்ததை நான் பார்த்திராவிட்டால் நம்பமாட்டேன். சனம் அழுதது. இராசமலருக்காக அல்ல. "எவ்வளவு பெரிய மனசு, சபையிலை ஒப்புக்கொள்ளிறார்" என்றது ஒரு குரல். "ஐயோ, ஐயா எப்பிடித் தாங்கினாரோ" என்றாள் ஒருத்தி. துரை எழும்பிக் கையைக் கொடுத்தார். எத்தனையோ வருசமாக அவள் நெல்லைப் பதராக்கிக் கேட்ட வசனம் வெளியே வந்துவிட்டது, அதுவும் அவருக்கே புகழாகப் போய்ச் சேர்ந்தது. கனகலிங்கத்துக்கு உணர்ச்சி மிதமிஞ்சிப் போயிற்று. மாலை மரியாதை செய்ய வேண்டும் என்று அந்தரப்பட்டு அங்கும் இங்கும் பார்த்தார். பார்த்துவிட்டு, கல்லில் கிடந்த மாலையைக் கழற்றிக் கொண்டுவந்து வீரகத்தியாரின் கழுத்தில் போட்டார். சனம் கை தட்டியது.

இராசமலர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஓடவில்லை, சத்தம் போடவில்லை. அவருக்கு முன்னால் வந்து நின்றாள். கை தட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்து நின்றது.

"கழுத்தைக் குனியுங்கோ" என்றாள்.

"என்ன பிள்ளை, சபையிலை..."

"அது என்ரை பிள்ளையின்ரை மாலை. குனியுங்கோ."

ஜீப் வந்தால் குனிகிற கழுத்துத்தான் அது. ஒரு கமக்காரப் பெண்ணுக்கு முன்னால் குனிய அதற்குத் தெரியவில்லை. அவர் துரையைப் பார்த்தார். துரை தன் சப்பாத்தைப் பார்த்தார். கனகலிங்கத்தைப் பார்த்தார், அவர் சர்க்கரைத் தண்ணீர் அண்டாப் பக்கம் போய்விட்டார். கடைசியில் தண்ணிவிதானை வீரகத்தி, அத்தனை சனத்துக்கும் முன்னால், தலையைக் குனிந்தார். அவள் மாலையைக் கழற்றினாள். ஒரு பூக்கூட உதிராமல் கழற்றினாள்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டியள்தானே" என்றாள். "என்ரை யோகன் சொல்வழி கேளாமல் சாகேல்லை. சொல்வழி கேட்டுத்தான் செத்தவன்."